களரியும் கொப்பியும்: மட்டக்களப்புக் கூத்துச் சுவைஞரின் விவாத மரபு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

கலைப்படைப்பொன்றினை மதிப்பிடும் உரிமை யாருக்குரியது என்ற வினா, இலக்கிய விமரிசனத்தில் அடிக்கடி எழுப்பப்படுவதாயினும், நிகழ்த்துகலைகளைப் பொறுத்தவரையில் அது போதிய அளவு ஆராயப்படவில்லை. ஆற்றியவர் யார், ஆக்கியவர் யார், புரந்தவர் யார் என்று விரிவாக எழுதும் நாம், கண்டவர் யார், கண்டபின் அவர் என்ன பேசினார் என்பதை வரலாற்றுக்குரிய பொருளாகக் கொள்வதில்லை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நிலவிவரும் கூத்து மரபினைச் சான்றாகக் கொண்டு, அச்சுவைஞரின் விவாதத்தை ஒரு சமூக நிறுவனமாக நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

சுவைஞர் தம்முட் பிரிந்து நின்று வாதிடுவது எமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கி.மு. 405 இல் ஏதென்சில் அரங்கேறிய அரிஸ்ரோபனீசின் ‘தவளைகள்’ என்னும் இன்பியல் நாடகத்திலே, ஈஸ்கிலசும் யூரிப்பிடீசும் பாதாள உலகில் எதிரெதிரே நிறுத்தப்பட்டு, அவர்தம் கவியடிகள் தராசிலிட்டு நிறுக்கப்படுகின்றன. நகர மக்கள் அன்றாடம் வாதிட்ட ஒரு விடயமே அங்கு நகைச்சுவையாக்கப்பட்டது எனக் கொள்வதில் தவறில்லை. அண்மைக்கால மேற்குலகிலோ, றொக் இசைக்குழுக்களின் சுவைஞரிடையே இதே விவாதம் இன்னொரு வடிவிற் காணப்படுகிறது. பீற்றில்ஸ் குழுவினர் 1966 ஓகஸ்ற் 29 ஆம் திகதி சான்பிரான்சிஸ்கோவில் நடத்திய நிகழ்ச்சியோடு கட்டணச் சுற்றுப்பயணக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டு, ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளேயே தம் படைப்பினை வளர்த்தனர். மறுவருடம் வெளியான அவர்களது இசைத்தட்டு மேடையில் அவ்வாறே நிகழ்த்துவதற்கெனச் செய்யப்பட்டதன்று. இதற்கு எதிர்முனையில், கிறேற்புல் டெட் என்னும் குழு தன் ஒவ்வோரிரவுக் கச்சேரியையும் சுவைஞரே ஒலிப்பதிவு செய்ய இடமளித்தது. 1984 முதல் அதற்கெனத் தனியிடமும் ஒதுக்கியது. ஆகவே, இசைத்தட்டா கச்சேரியா, எந்த ஊரில் எந்த இரவில் நிகழ்ந்தது சிறந்தது என்ற விவாதம் அச்சுவைஞரிடையே ஓர் அறிவுத்துறை போலவே வளர்ந்தது.

அங்கே இசைத்தட்டும் கச்சேரியும் போல, இங்கே கொப்பியும் களரியும் நிற்கின்றன. அண்ணாவியாரிடம் இருக்கும் கூத்துக் கொப்பி ஒன்றே. ஆனால் அது களரியில் ஏறும் ஒவ்வோரிரவும் வேறு. எனினும் இவ்விரு விவாதங்களும் ஒரே வகையான சமூக உறவுகளிலிருந்து பிறந்தவையல்ல. இவ்வேறுபாட்டினை விளங்கிக்கொள்ளக் களரியின் பொருளியல் அடிப்படையை முதலில் நோக்குதல் வேண்டும்.

2. களரியின் அடிப்படை

மட்டக்களப்பு வாவி இப்பிரதேசத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலே மக்கட் செறிவும் சந்தையும் பாடசாலைகளும் பெருகின. மேற்கேயுள்ள படுவான்கரையிலே வயல்வெளி விரிந்தது. நிலம் பெரும்பாலும் போடிமார் கையில் இருந்தது; உழைப்பு வயற்காரருடையது. பெரும்போக அறுவடை முடிந்து, நெல் வீடு சேர்ந்து, வைகாசியிற் கண்ணகியம்மன் சடங்கு தொடங்குவதற்கு இடைப்பட்ட ஓய்வுக் காலமே களரியின் காலமாக அமைந்தது. உபரி உற்பத்தியும் உழைப்பு ஓய்வும் ஒருங்கு கூடும் அப்பொழுதிலேதான் ஓரூர் முழுவதும் பல மாத காலம் இரவிரவாகக் கூத்துப் பழகுதல் சாத்தியமாயிற்று.

கூத்தொன்று களரிக்கு வரும் முறையே சுவைஞனை உருவாக்கும் முறையுமாகும். அண்ணாவியார் பாத்திரங்களுக்குரியோரைத் தெரிந்து அவரவர்க்குரிய பகுதியை வழங்குவது சட்டங்கொடுத்தல் எனப்படும். ஆட்டம் ஓரளவு கைவந்தபின் சதங்கை அணிதல், பின்னர் முழுமையாக ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், அதன்பின் அரங்கேற்றம், இறுதியாக வீட்டுக்கு வீடு ஆடுதல். இப்படிநிலைகள் யாவும் ஊரின் கண்முன்னே நிகழ்வன. பழக்கம் நடக்கும் முற்றத்தில் முதியோர் அமர்ந்திருப்பர். சிறுவர் ஓரத்தில் நின்று தாளக்கட்டினை வாயாற் சொல்லிப் பழகுவர். அரங்கேற்ற இரவிலே நாற்புறமும் சூழ்ந்திருக்கும் சபையிற் பலர், அக்கூத்தினை முன்னொரு காலத்தில் தாமே ஆடியவர். அன்றேல் அதனை ஆடியவரின் பிள்ளைகள். ஆடுவோனுக்கும் காண்போனுக்கும் இடையில் தொழிற்பிரிவு முற்றாக ஏற்படாத நிலை இது.

சுவைஞனின் மதிப்பீட்டுத் திறன் இந்நிலையினின்றே பிறக்கின்றது. விளையாட்டரங்கிலே கூடும் மக்களைப் போன்று, விதிகளை நன்கறிந்து, நிதானத்தோடு தீர்ப்புக் கூறும் பார்வையாளரைத் தன் நாடக அரங்குக்கு வேண்டுமென 1920 களில் பிறெக்ற் விரும்பினார். அவர் பெருநகரின் குத்துச்சண்டை அரங்கில் தேடிய பார்வையாளர், வாவிக்கரைக் களரியைச் சுற்றி ஏலவே அமர்ந்திருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

3. விவாதத்தின் இலக்கணம்

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இரு பெரும் பிரிவினது. வடமோடிக் கூத்துக்கள் பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகளைத் தழுவியன. போரும் வீரமும் அவற்றின் மையம். தென்மோடியில் அலங்காரரூபன், அனுருத்திரன் போன்ற கதைகளும் காதற் சுவையும் மேலோங்கும். வடமோடி அரசர்க்குக் கரப்புடுப்பும் பாரமான முடியும் உரியன; தென்மோடியின் உடை இலகுவானது. ஆட்டத்தின் வீறு வடமோடிக்கும், தாளக்கட்டின் நுணுக்கமும் பாட்டின் இழைவும் தென்மோடிக்கும் சிறப்பெனப் பொதுவாகக் கூறப்படும்.

இப்பிரிவே விவாதத்தின் முதல் அடுக்கு. தென்மோடி ஊரவர்க்கு வடமோடி ‘வெறும் பாய்ச்சல்’. வடமோடி ஊரவர்க்குத் தென்மோடி ‘பெண்ணாட்டம்’. இரண்டாவது அடுக்கு அண்ணாவிமார் பற்றியது: யாருடைய மத்தளம் ஆட்டக்காரனை ஏற்றிச் செல்வது, யாருடையது அவனை விழுத்துவது. மூன்றாவது அடுக்கே மிக நுட்பமானது: அது குறித்தவோர் இரவு பற்றியது. எட்டுப் போடும்போது கால் தப்பியதா, வீசாணம் நிறைவாக வந்ததா, குத்துமிதியிற் சதங்கை ஒரே ஒலியாகக் கேட்டதா, விடியற்புறத்தில் களைப்புற்றிருந்த பிற்பாட்டுக்காரர் தருவினைக் குறுக்கினரா என்றெல்லாம் வாதம் எழும். அவ்வாதம் களரி கலைந்ததும் முடிவதில்லை. வயல் வரம்பிலும் தோணித்துறையிலும் தேநீர்க் கடையிலும், அடுத்த அறுவடை வரையிலும் அது தொடரும்.

இவ்வாதங்களை வெறும் ஊர்ப்பற்றாகக் கருதுதல் பொருந்தாது. எதிரெதிர் அணிகளாக நின்று கலையை வளர்த்தல் இப்பிரதேசப் பண்பாட்டில் ஆழ வேரூன்றிய ஒன்று. கண்ணகி வழிபாட்டோடிணைந்த கொம்புமுறி விளையாட்டிலே ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். முன்னது கோவலன் பக்கம், பின்னது கண்ணகி பக்கம். வென்றோர் தோற்றோரைப் பாட்டால் இகழ்வர். அவ்விகழ்ச்சியும் சடங்கின் ஓர் உறுப்பே. கொம்புமுறிச் சேரிகளுக்கும் கூத்தின் மோடிகளுக்கும் பெயரொப்புமை இருப்பது கொண்டு இரண்டையும் ஒன்றெனத் துணிதல் தவறாகும். ஆயின், அணி பிரிந்து மோதுவதன் மூலமே சமூகம் தன்னை ஒன்றென உணரும் ஓர் இயங்கியல் இரண்டிலும் தொழிற்படுகிறது எனலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. களரி வட்டமானது, ஆனால் சமூகம் வட்டமானதன்று. ஆடியவர் ஆண்களே, பெண் பாத்திரத்தையும் ஆணே ஏற்றான். பெண்கள் பார்வையாளராக விடியும்வரை இருந்தனர், அவர்களும் மதிப்பிட்டனர். ஆனால் அம்மதிப்பீடு துறையிலும் கடையிலும் பேசப்படும் பேச்சாக வெளிப்பட வழியிருக்கவில்லை. சாதி வேறுபாடு கூத்துக் குழுக்களையே பிரித்தது: ஒரு சாதியார் ஆடும் களரியில் இன்னொரு சாதியார் சேர்ந்து ஆடுவது அரிது. பறைமேளக்கூத்து உயர்ந்த கலை நுட்பமுடையதாயினும் அது மோடி விவாதத்துக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டதில்லை. ஊர் முழுவதும் பேசியது என்று நாம் எழுதும்போது, பேசவிடப்பட்ட ஊர் எது என்று கேட்பது ஆய்வாளன் கடன். மக்கள் கலை என்ற சொல்லை உச்சரித்ததுமே வர்க்கமும் சாதியும் பால்வேறுபாடும் மறைந்துவிடுவதில்லை.

4. பேராதனையும் புதிய நடுவரும்

1956 இல் எதிரிவீர சரச்சந்திர நாடகம மரபிலிருந்து ‘மனமே’ நாடகத்தை உருவாக்கினார். சிங்கள நாடகத்துக்கு அது தேடிக்கொடுத்த தேசியத் தனித்துவம், பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தனைப் பெரிதும் பாதித்தது. கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், அண்ணாவிமாரை ஒன்றுகூட்டினார். கூத்துப் போட்டிகளை நடத்துவித்தார். ஏடுகளிலும் கொப்பிகளிலும் கிடந்த பிரதிகளைப் பதிப்பித்தார். மட்டக்களப்புத் தென்மோடிக் கூத்தான அலங்காரரூபன் நாடகம் 1962 இல் அவர் பதிப்பாக வெளிவந்தது. அதே ஆண்டில் ‘கர்ணன் போர்’, அடுத்து ‘நொண்டி நாடகம்’, பின்னர் ‘இராவணேசன்’, 1967 இல் ‘வாலி வதை’ எனப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவர் கூத்துக்களை மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவர்க்கு ஆட்டம் பழக்கினார். ‘இராவணேசன்’ நாடகத்தில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே தம் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் பொருளாகக் கொண்டார். அவ்வாய்வு 1998 இல் நூலாகியது.

இம்முயற்சியின் வரலாற்று முக்கியத்துவம் மறுக்க முடியாதது. படித்தோர் ‘நாட்டான் ஆட்டம்’ என எள்ளிய கலை, பல்கலைக்கழக மண்டபத்திற் கைதட்டல் பெற்றது. ஆயின் அதனோடு இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. விடியவிடிய நடந்தது ஒன்றரை, இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. களரியிலேயே நின்ற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஒரு பக்கத்துக்கு ஒதுங்கினர். திரும்பத்திரும்ப வந்த ஆட்டமும் பாட்டும் வெட்டப்பட்டன. பாத்திரத்தின் உணர்ச்சி நடிப்பு முதன்மை பெற்றது. வெட்டப்பட்டவை எவை என்பது சிந்திக்கத்தக்கது. மீள வருதல் என்பது நகரப் பார்வையாளனுக்குச் சலிப்பு. களரிச் சுவைஞனுக்கோ அதுவே ஒப்பீட்டுக்குரிய அளவுகோல். முதற்றரம் ஆடியதையும் மூன்றாந்தரம் ஆடியதையும் ஒப்பிட்டே அவன் ஆட்டக்காரனைத் தரம் பிரித்தான். மீள்வரவை நீக்கியபோது, சுவைஞனின் தராசும் உடன் நீங்கியது.

போட்டிகளும் அவ்வாறே. முன்னர் தீர்ப்புக் கூறியது ஊர். அத்தீர்ப்பு ஒருபோதும் முற்றுப்பெறாதது. போட்டியில் தீர்ப்புக் கூறியவர் நடுவர். அத்தீர்ப்புப் புள்ளிகளால் ஆனது, அன்றிரவே முற்றுப்பெறுவது. விமரிசன அதிகாரம் உற்பத்தியாளர் கையிலிருந்து கல்விசார் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு மாறியமையின் குறியீடாக இதனைக் கொள்ளலாம். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் முதலியவற்றாற் பழைய நில உறவுகள் அசைந்துகொண்டிருந்த காலமே இதுவும் என்பது தற்செயலானதன்று. போடியாரின் புரவலர் நிலை தளர, அரசும் பல்கலைக்கழகமும் புதிய புரவலராயின.

வால்ரர் பென்யமின், 1936 இல் வெளியான தமது புகழ்பெற்ற கட்டுரையில், இயந்திர மறுவுற்பத்தியானது கலைப்பொருளின் தனியிருப்பினைச் சிதைக்கின்றதெனவும், அச்சிதைவே அதனை மக்களுக்குரியதாக்கும் வாய்ப்பினையும் தருகின்றதெனவும் வாதிட்டார். பேராதனைப் புத்தாக்கத்துக்கும் இது பொருந்தும். அது கூத்தினைக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுசென்றது. மோடியின் பெயரையே அறியாதோரும் அதன் அழகினை உணர்ந்தனர். இந்த ஆதாயத்தைக் குறைத்து மதிப்பிட்டு, பழமையே தூயதெனக் கூறுவது பிற்போக்கான மனப்பாங்கு. ஆனால் விலையின்றிக் கிடைத்த ஆதாயம் எதுவுமில்லை என்பதையும் சேர்த்தே எழுதல் வேண்டும்.

5. முற்போக்கு நோக்கும் அதன் குறைபாடும்

அறுபதுகளின் இறுதியில் கூத்து வடிவம் இன்னொரு பயன்பாட்டையும் பெற்றது. 1969 இல் மௌனகுருவின் ‘சங்காரம்’ வர்க்கப் போராட்டத்தையும் சாதியொழிப்பையும் கூத்தின் ஆட்டமுறையிற் கூறியது. வடக்கே அம்பலத்தாடிகள் ‘கந்தன் கருணை’ வாயிலாக ஆலயப் பிரவேசப் போராட்டத்தைக் கூத்து மரபிலே மேடைக்குக் கொணர்ந்தனர். பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் மக்கள் கலைகளின் சமூக அடிப்படையினை ஆராயும் நோக்கினை எமக்கு வகுத்தளித்தனர். ‘ஈஸ்கிலசும் ஏதென்சும்’ என்ற நூலை 1941 இல் எழுதிய ஜோர்ஜ் தொம்சனின் வழியில் அமைந்த அந்நோக்கு, சடங்கிலிருந்து நாடகம் தோன்றும் படிமுறையினை உற்பத்தி உறவுகளோடு தொடர்புறுத்தியது.

எனினும் நாம் செய்த தவறொன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். வடிவம் மக்களுடையது, உள்ளடக்கம் நிலவுடைமைக்குரியது. ஆகவே வடிவத்தை எடுத்து உள்ளடக்கத்தை மாற்றுவோம் என்பதே எமது சூத்திரமாயிருந்தது. அச்சூத்திரத்தில் மக்கள் வடிவத்தைத் தருவோராக வந்தனர். உள்ளடக்கத்தைத் தீர்மானிப்போர் நாமாக இருந்தோம். கர்ணன் இறக்கும் இரவிலே வயற்காரன் ஒருவன் ஏன் அழுதான், பிறப்பால் இழிவுபடுத்தப்பட்ட வீரனிடத்து அவன் எதனைக் கண்டான் என்பதை நாம் கேட்கவில்லை. மன்னர் கதைக்குள்ளேயே மன்னரை மதிப்பிடும் ஒரு பார்வை களரியைச் சுற்றியிருந்தவர் பேச்சில் இருந்திருக்கக்கூடும். அதனைப் பதியாது விட்டமையால், உள்ளடக்கம் முற்றாகப் பிற்போக்கானது என்ற எமது முடிவு சோதிக்கப்படாத முடிவாகவே நின்றுவிட்டது.

6. இருண்ட இரவுகளும் மீளுருவாக்கமும்

களரிக்கு இரவு வேண்டும். இரவுக்கு அச்சமின்மை வேண்டும். 1983 இலிருந்து 2009 வரை நீடித்த போர், வாவிக்கரையில் இவ்விரண்டையும் பறித்தது. 1990 ஓகஸ்ற் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்த முஸ்லிம் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் படுகொலை செய்யப்பட்டனர். அதே ஆண்டு செப்ரெம்பர் 5 ஆம் திகதி, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோரில் 158 பேர் இராணுவத்தினரால் அழைத்துச் செல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். நான்கு நாள்களின் பின் சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் பெருங்கொலை நிகழ்ந்தது. பேராதனை மாணவர்க்கு ஆட்டம் பழக்கிய அண்ணாவியாரின் ஊரும் வந்தாறுமூலைதான் என்பதை எண்ணும்போது, நாம் எழுதும் கலை வரலாறு எத்தகைய நிலத்தின் மீது நிற்கின்றதென்பது புலனாகும். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தது. ஆடியோரும் கண்டோரும் ஒருங்கே இழக்கப்படும்போது, கொப்பி எஞ்சினாலும் அதனை மதிப்பிடும் நினைவு எஞ்சுவதில்லை.

இப்பகைப்புலத்திலேயே, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், சீலாமுனைக் கிராமத்தை மையமாகக்கொண்டு சி. ஜெயசங்கரும் அவரோடிணைந்தோரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்க முயற்சியை நோக்கவேண்டும். கூத்தினைக் களரியிலேயே வைத்துக்கொண்டு, ஆடும் சமூகமே பிரதியை விவாதித்து, சாதி, பால் சார்ந்த இழிவுகளை மாற்றியமைத்தல் அதன் நோக்கம். மறுபுறத்தில் மௌனகுரு, பேராதனைப் புத்தாக்கத்தின் தொடர்ச்சியாக ‘இராவணேசன்’ நாடகத்தைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மீளவும் மேடையேற்றினார். செம்மையாக்கமா மீளுருவாக்கமா என இவ்விரு நெறிகளுக்கும் இடையில் எழுந்த விவாதம் சில வேளைகளில் கடுமையானதாயினும், அது வரவேற்கத்தக்கது. ஒரு வகையில், வடமோடி – தென்மோடி வாதத்தின் பல்கலைக்கழக வடிவமே இது. வேறுபாடு யாதெனில், ஒன்று படைப்பின் முழுமையை முதன்மைப்படுத்துகிறது. மற்றொன்று படைப்போரின் உரிமையை முதன்மைப்படுத்துகிறது. இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் பிரதியைக் களரிச் சுவைஞரின் வாதத்துக்கு மீண்டும் உட்படுத்தியமை மீளுருவாக்க நெறியின் தனிப் பங்களிப்பாகும்.

7. முடிவுரை

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் படுவான்கரைக்கான வழி இலகுவாயிற்று. கையடக்கத் தொலைபேசிகள் களரிக்குள் வந்தன; அரங்கேற்றங்கள் ஒளிப்பதிவாகி, புலம்பெயர்ந்த உறவினரைச் சென்றடைகின்றன. களரி இப்போது தனக்கென ஓர் இசைத்தட்டினைப் பெற்றுவிட்டது எனலாம். கிறேற்புல் டெட் சுவைஞர் போன்று, எந்த ஊரின் எந்த இரவு சிறந்தது என்பதை ஒளிப்பதிவுகளை ஒப்பிட்டு வாதிடும் வாய்ப்பு எம்மவர்க்கும் வந்துள்ளது. ஆனால் றொக் இசையின் சுவைஞன் பெரும்பாலும் நுகர்வோன். பண்டமாகிய இசைத்தட்டினை வாங்கியபின்பே அவனது வாதம் தொடங்குகின்றது. களரிச் சுவைஞனோ ஆடக் கற்றதனால் வாதிட்டவன். ஒளிப்பதிவு பெருகி, பழக்கமுற்றம் வெறிதானால், எமது சுவைஞனும் நுகர்வோனாகவே மாறுவான். அப்போது கூத்து இருக்கும். அதனைப் பிழையென்று சொல்லத் தகுதியுடையோர் இருக்கமாட்டார்.

ஆகவே ஆய்வாளர் செய்யவேண்டுவது இரண்டு. ஒன்று, பிரதிகளைப் பதிப்பிப்பது போன்றே, அவைபற்றிய ஊர்ப்பேச்சினையும், குறிப்பாக இதுவரை கேட்கப்படாத பெண்களின் பேச்சினையும் பறைமேளக் கலைஞரின் பேச்சினையும் பதிவுசெய்தல். மற்றையது, கூத்து விழாக்களிலும் போட்டிகளிலும் நடுவர் ஆசனத்தில் நாம் அமருமுன், அவ்வாசனம் எவரிடமிருந்து எமக்கு வந்ததென எண்ணிப் பார்த்தல். அண்ணாவியாரின் மத்தளம் ஓய்ந்து, முடியும் கரப்புடுப்பும் கழற்றப்பட்டபின், விடியற்காலை வரம்பில் நடந்துசெல்லும் இருவர் ‘நேற்றைக்குக் கர்ணன் சரியில்லை’ என்று பேசிக்கொள்ளும்வரையிலேயே கூத்து மக்களுடையது.